ஓபராவும் ஒப்பாரியும்: சொல்வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சொல்லாராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. காலை வணக்கப் படத்துக்கு அடுத்தபடியாக வருவது 'இந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது தெரியுமா?' என்ற வகையறாதான். ஓபரா என்ற மேல்நாட்டு இசை நாடகத்தின் பெயர் நம் ஒப்பாரியே என்பது அதில் ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓபராவில் கதாநாயகி உயிர் போகிற நேரத்திலும் மூச்சு விடாமல் பாடுவாள். நம் சாவு வீட்டிலும் பாட்டு உண்டு. ஆனால் இந்த இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒப்பாரி 'ஒப்பு' என்ற சொல்லோடு சேர்ந்தது. ஒப்புமை, நிகரானவர் என்ற பொருளும் அதற்கு உண்டு என்று தமிழ்ப் பேரகராதியே காட்டும். ஓபரா வேறு ஊர்ச் சரக்கு. லத்தீனில் 'ஓபெரா' என்றால் வேலை, உழைப்பு. அது இத்தாலிக்கு வந்து, இசையில் செய்த படைப்பு என்ற பொருளில் 'ஓபெரா இன் மூசிகா' ஆகி, பிறகு வால் அறுந்து வெறும் ஓபரா என்று நின்றுவிட்டது. இத்தாலிய இசைஞர் மாண்டெவெர்டி 1607இல் 'ஓர்ஃபியோ'வை அரங்கேற்றியபோது அவரே அதை ஓபரா என்று குறிப்பிடவில்லை. 'இசையில் ஒரு கதை' என்றுதான் போட்டார். ஆக, பாட்டுக்கும் அழுகைக்கும் இந்தச் சொல்லில் இடமே இல்லை. அதன் அடியில் இருப்பது வெறும் வேலை.

காதுக்கு ஒன்றுபோலக் கேட்டால் உறவு என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. அப்படியானால் உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்கு நல்ல உதாரணம் நம் மலையிலேயே கிடக்கிறது. தமிழில் பால், படுகர் மொழியில் ஹாலு. பல் என்றால் ஹல்லு. பன்றி என்றால் ஹந்தி. பட்டி என்றால் ஹட்டி. ஊருக்கு ஊர் இருக்கிற ஹட்டிகள் எல்லாம் இந்தப் பட்டிதான். பகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஹகரம், அதுவும் ஒரு சொல்லில் அல்ல, வரிசையாகப் பல சொல்லில். இந்த ஒழுங்குதான் சாட்சி. தனியாக ஒரு சொல் இன்னொன்றைப் போல ஒலிப்பது வெறும் தற்செயல்.

இந்த முறையில் திராவிட மொழிகளை அலசியவர்களில் முக்கியமான ஒருவர், மொழியியலாளர் எமனோ, 1930களில் நீலகிரிக்கே வந்து தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியவர். பிறகு பரோ என்ற இன்னொரு அறிஞருடன் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைக் கொண்டுவந்தார். அத்தனை வருஷம் உழைத்தவரே பல இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வாட்ஸ்அப் பண்டிதருக்கு மட்டும் சந்தேகமே வருவதில்லை.

பொருள் ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று நினைப்பது இரண்டாவது தவறு. ஆங்கிலத்தில் 'ஒர்க்' என்றாலும் வேலை, ஓபராவின் மூலமும் வேலை. ஆனால் வேர் வேறு வேறு. ஒர்க்கின் பங்காளி கிரேக்கத்தின் 'எர்கோன்'. அந்தக் குடும்பத்தில்தான் எனர்ஜி, ஆர்கன், அலர்ஜி எல்லாம் வருகின்றன. ஜார்ஜ் என்ற பெயரும் அதிலேதான். மண்ணில் வேலை செய்பவன், அதாவது விவசாயி என்று அர்த்தம். ஊட்டியில் எத்தனை ஜார்ஜுகளுக்கு இது தெரியுமோ!

ஓபரா வீட்டுப் பிள்ளைகள் வேறு. ஆபரேட்டர், ஆபரேஷன் இரண்டும் பார்த்தாலே தெரியும். தெரியாத ஒன்று உண்டு. லத்தீனில் கைக்கு 'மானுஸ்'. அதோடு ஓபெரா சேர்ந்து 'கையால் வேலை செய்' என்று ஒரு வினைச்சொல் பிறந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு முதலில் வந்தபோது நிலத்தை உழுது பயிர் செய்வதைக் குறித்தது. போகப் போக நிலத்துக்கு உரம் போடுவது, கடைசியில் உரமே என்று ஆகிவிட்டது. அதுதான் 'மெனூர்'. அதே பிரெஞ்சுச் சொல் இரண்டாம் முறை, படைகளை நகர்த்தும் தந்திரம் என்ற பொருளில் வந்தது. அது 'மெனூவர்'. வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் அதிகாரிகள் படிக்கிற மெனூவரும், கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் பாத்திக்குக் கொட்டுகிற மெனூரும் ஒரே சொல் என்றால் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளக்கூடும். உண்மை அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. சர்ஜரி என்பது கிரேக்கத்தில் கை என்ற சொல்லும் எர்கோனும் சேர்ந்தது. அதற்கும் 'கைவேலை' என்றே பொருள். ஆக மெனூரும் சர்ஜரியும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள், ஆனால் சொந்தம் கிடையாது.

கோ-ஆபரேட்டிவும் ஓபராதான்: சேர்ந்து வேலை செய்வது. 1965இல் குன்னூரைத் தலைமையாக வைத்துத் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் பெயரில் நடுவில் நிற்கும் 'கோ' அந்தச் சொல்லின் மிச்சம். பசுந்தேயிலை மூட்டையோடு இண்ட்கோ பேக்டரி வாசலில் நிற்கிற சிறு விவசாயிக்கு விலைதான் கவலை.

அடுத்த தவறு, பழகின சொல் எல்லாம் நம் சொல் என்று நம்புவது. மேஸ்திரியைவிடத் தமிழான சொல் உண்டா என்று தோன்றும். அது போர்ச்சுகீசியரின் 'மெஸ்த்ரே'. அதற்கு மூலம் லத்தீனின் 'மாகிஸ்தெர்'. அதே மாகிஸ்தெர் இத்தாலிக்குப் போய் 'மாயெஸ்த்ரோ' ஆனது. ஓபரா அரங்கில் குச்சியை ஆட்டி நூறு பேரை வாசிக்க வைப்பவரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். எஸ்டேட்டில் ஆள் பிரித்துத் தேயிலை நிரைக்கு அனுப்புகிற மேஸ்திரியும் அவரும் ஒரே பட்டம் வாங்கியவர்கள்.

எதிர்த் திசையிலும் சரக்கு போயிருக்கிறது. 'கங்காணி' நம் கண்காணி. ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வேர் தெரிந்துவிட்டதால் பொருளும் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வேரை மட்டும் பார்த்தால் கண்ணால் பார்த்துக்கொள்பவர், அவ்வளவுதான். கீழ்நாட்டிலிருந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து மலையேற்றியதும், அந்தக் கடன் வருஷக்கணக்கில் சம்பளத்தைத் தின்றதும் அந்த மூன்று அசையில் இல்லை. சொல்லின் பொருள் அது பிழைத்த இடத்திலும் இருக்கிறது.

கூலியும் அப்படித்தான். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று குறளில் வருவது உழைப்புக்குக் கிடைக்கும் பலன், ஆளைக் குறிப்பதல்ல. ஆங்கிலக் கூலி ஆளைக் குறிக்கிறது. அது நம் சொல்லிலிருந்து போனது என்று சிலரும், குஜராத்தின் கோலி என்ற மக்கள் பெயரிலிருந்து வந்தது என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த மாதிரி இடத்தில் அடித்துப் பேசுகிறவரை நம்ப வேண்டாம்.

சம்பளக் கதையும் சரியாக இந்த ரகம். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் என்பார்கள். உடனே ரோமானியச் சிப்பாய்க்கும் உப்பே சம்பளம், அதனால்தான் 'சாலரி' என்று கூடவே வரும். சாலரியில் உப்பு இருப்பது நிஜம். உப்பையே அளந்து கூலியாகக் கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய சான்று இல்லை. சம்பளத்துக்கோ, வழிச்சோறு, பயணச் செலவு என்று பொருள்படும் 'சம்பல' என்ற சமஸ்கிருதச் சொல் பக்கத்திலேயே நிற்கிறது. கதை ருசியாக இருந்தால் ஒருமுறைக்கு இரண்டுமுறை அகராதியைப் புரட்டுவது நல்லது.

மற்றவை சில்லறை. பியானோ பாடப் புத்தகத்தில் 'ஓப்.' என்று இருந்தால் அது ஓபரா அல்ல, 'ஓபுஸ்'. அந்த இசைஞரின் படைப்பு வரிசை எண். சோப் ஓபராவில் யாரும் பாடுவதில்லை. அமெரிக்க வானொலித் தொடர்களுக்கு 1930களில் சோப்பு கம்பெனிகள் காசு கொடுத்ததால் வந்த கிண்டல் பெயர். அப்புறம், நம் ஊர் நோட்டீசுகளில் மட்டும் மார்கழி வந்தால் தலைகாட்டும் ஒன்று: 'உறைபணி எச்சரிக்கை'. மூன்று சுழி போட்டால் அது வேலை, ஊழியம்; பணிதல், பணித்தல் என்பவற்றோடு சேர்ந்தது. தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதற்கு இரண்டு சுழி போதும்.