இறால் குளத்தில் பி.எச். பார்ப்பது எப்படி

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் வனாமி இறால் வளர்ப்போரின் குறிப்பேடுகளில் நான் அடிக்கடி காண்பது, காலை பத்து மணிக்கு எடுத்த ஒரேயொரு பி.எச். அளவு, அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). அதில் 8.1 என்று இருந்தால் கவலை தீர்ந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண் பொய்யன்று; ஆனால் குளத்தின் உண்மை நிலையை அது சொல்வதுமில்லை.

இரவில் இறாலும் மிதவைப் பாசியும் அடிச்சேற்றுப் பாக்டீரியாவும் மூச்சுவிட்டு வெளியேற்றும் கரியமில வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாக மாறுவதால், பொழுது விடிவதற்குச் சற்று முன் பி.எச். மிகவும் தாழ்ந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பாசி அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் பிற்பகலில் அது உச்சத்தைத் தொடும். பத்து மணி என்பது இவ்விரண்டுக்கும் நடுவழி. எனவே விடியற்காலை ஐந்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும், ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.5-க்குள் இருந்தால் நல்லது. காலையில் 7.6, பிற்பகலில் 8.9 என்று வந்தால், ஹைட்ரஜன் அயனிச் செறிவு அன்றாடம் ஏறக்குறைய 20 மடங்கு ஏறியிறங்குகிறது என்று பொருள்.

மீட்டரை 7 மற்றும் 10 என நிலையான பி.எச். கொண்ட தாங்கல் கரைசல்களில் சரிபார்த்த பிறகே குளத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். நம் அளவுகள் இவ்விரண்டுக்கும் இடையில்தான் விழும். மின்முனையின் கண்ணாடிக் குமிழைத் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். அதைக் காயவிடவோ, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கவோ கூடாது; பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். ஒரு கோடையில் மூடி போட மறந்து ஒரு மின்முனையை நானே பாழாக்கியிருக்கிறேன்.

வேறுபாடு கூடுதலாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆல்கலினிட்டி, அதாவது நீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றின் இருப்பு. அமிலம் சேர்ந்தாலும் பி.எச். சட்டென்று சரியாமல் தாங்கிப்பிடிப்பது இதுவே. 50 மில்லி குளத்து நீரில் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு என்னும் நிறங்காட்டியை விட்டால் மஞ்சள் நிறம் வரும். பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து 0.02 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலத்தைக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே விடுங்கள். அமிலம் விழும் இடத்தில் தோன்றும் செம்மை முதலில் உடனே மறையும். பிறகு மறையத் தாமதிக்கும். அப்போதிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, முழு நீரும் ஆரஞ்சாக மாறி நிலைத்ததும் நிறுத்துங்கள். செலவான மில்லியை 20-ஆல் பெருக்கினால், கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைக்கும். 4 மில்லி என்றால் 80. வனாமிக்கு இது 100-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் தோலுரித்த இறாலின் ஓடு கெட்டிப்படத் தாமதமாகும்.

இதை உயர்த்தச் சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டே நம்பகமானது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்ற 1.68 மில்லிகிராம் சோடா வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 80-ஐ 100 ஆக்க ஏறக்குறைய 163 கிலோ பிடிக்கும். மூன்று நான்கு இரவுகளாகப் பிரித்து, நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும்போது கரைத்து ஊற்றுங்கள். பி.எச். 8.3-க்கு மேல் இருக்கும் நீரில் சுண்ணாம்புக்கல் தூள் பெரும்பாலும் கரையாமல் அடியில் படிந்துவிடுவதால், அங்கே அது வீண்செலவு.

நீற்றிய சுண்ணாம்பை இறால் உள்ள குளத்தில் பகலில் கொட்டவே கூடாது; அது ஏற்கெனவே உயர்ந்திருக்கும் பி.எச்.-ஐ மேலும் ஏற்றிவிடும். நீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் நஞ்சாகும் அயனியாகாத பகுதி, 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 8-இல் நூற்றுக்கு 5 அளவில் இருக்கும். 9-இல் அது 36-ஐ நெருங்கும். நம் கோடை வெப்பத்தில் இன்னும் கூடும். ஆல்கலினிட்டி போதிய அளவில் இருந்தும் பிற்பகல் பி.எச். ஏறினால், கோளாறு பாசிப் பெருக்கத்தில்தான். தீவனத்தைக் குறைத்து, சிறிது நீர் மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கணக்கு மாறிவிடும். உப்பு நீரைவிட மழைநீர் எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். அதில் பைகார்பனேட் இல்லாததால் கலந்துவிட்டால் ஆல்கலினிட்டி சரியும். மழை ஓய்ந்ததும் ஏரேட்டரைப் போடுவதற்கு முன்பே மதகின் மேல் பலகையை எடுத்து அந்த நீரை வடித்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே அளந்த பிறகே சோடா வாங்கப் போங்கள்.