காய்ச்சல் பரவும் நேரத்தில் வீட்டில் நெபுலைசர், சீபாப் பாவிக்கிறீர்களா?

வன்னியில் மாரி தொடங்கி ஒருவருக்குத் தடிமன் வந்தால் கிழமைக்குள் முழு வீடும் இருமும். அந்த நேரம் பார்த்து முட்டு (ஆஸ்துமா) உள்ள அம்மம்மாவை ஹோலில் இருத்தி மருந்தைப் புகையாக்கி மாஸ்க்கால் இழுக்க வைக்கும் நெபுலைசரைப் போட்டுவிட்டு, பேரப்பிள்ளைகள் சுற்றிவர இருந்து டீவி பார்ப்பார்கள். கொரோனாவோ இன்ஃபுளுவென்சாவோ, இது கூடாது. மெசின் கிருமியை உண்டாக்காது, ஆனால் மாஸ்க் ஓரத்தால் வெளியேறும் மருந்துப் புகையோடு நோயாளியின் மூச்சும் அறைக்குள் பரவும், இருமினால் இன்னும் மோசம்.

அதனால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள், பம்ப் (இன்ஹேலர்) போதுமா என்று. 2020இல் கொரோனா பரவியபோது ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டியான ஜினாவும் இயன்றவரை நெபுலைசரைத் தவிர்த்து பம்பும் ஸ்பேசரும் பாவிக்கத்தான் சொன்னது. பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் குழாய்தான் ஸ்பேசர், அது கிடைக்காவிட்டால் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளியை டேப்பால் ஒட்டுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும், துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்பைக் குலுக்கி, போத்தல் வாயைக் கவ்விக்கொண்டு ஒரு தரம் அமத்தி, போத்தலுக்குள்ளேயே ஐந்தாறு மூச்சு ஆறுதலாக இழுத்துவிட்டு, பிறகுதான் அடுத்த அமத்தல். ஆளுக்கொரு போத்தல், சரியா?

நெபுலைசர்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்னால் விறாந்தையில் வைத்துப் பிடியுங்கள். மழையென்றால் யன்னல் திறந்த அறை, கதவு சாத்தி, மற்றவர்கள் வெளியே. கூட நிற்பவர் மாஸ்க் போட வேண்டும். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த அறைக்குள் யாரும் போக வேண்டாம்.

நித்திரையில் மூச்சுத் தடைப்படாமல் மாஸ்க்கால் காற்றை அழுத்தி அனுப்பும் மெசின்தான் சீபாப். அதைப் பாவிப்பவர்கள் பயந்து நிறுத்திவிடாதீர்கள். மெசினில் உள்ள ஃபில்டர் உள்ளே போகும் காற்றைத்தான் வடிகட்டும், நீங்கள் விடும் மூச்சு மாஸ்க்கில் உள்ள சின்னத் துளைகளால் நேரே அறைக்குள் வரும். அதற்காக அந்தத் துளைகளை டேப்பால் அடைக்கவே கூடாது, விட்ட காபனீரொட்சைட்டையே திரும்ப இழுப்பீர்கள். வருத்தம் மாறும்வரை தனி அறையில் படுங்கள். வீட்டுத்திட்ட வீட்டில் இரண்டே அறைதானே என்றால், சுகமாக இருப்பவர்கள் நுளம்பு வலையோடு ஹோலுக்கு மாறட்டும். மெசினில் உள்ள தண்ணீர்த் தொட்டியைத் தினமும் ஊற்றிக் கழுவி, காய்ச்சி வடித்த நீரே விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு அதிலேயே இருக்கும், கொஞ்ச நாளில் தொட்டியில் வெள்ளையாகப் படியும்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலித்தால், பம்ப் அடித்தும் கேட்காவிட்டால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். உள்ளூர் ஒழுங்கைகளில் மழை வெள்ளம் நிற்கும், அம்புலன்ஸ் வந்து சேர நேரம் எடுக்கும். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.