கையை ஊன்றி விழுந்தால் படகெலும்பைச் சோதிப்பது எப்படி

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள். கையை ஊன்றி விழும்போது அவற்றில் அதிகம் முறிவது கட்டைவிரல் பக்கமுள்ள படகெலும்பு. மருத்துவர்கள் ஸ்கேஃபாய்டு என்பார்கள்.

கட்டைவிரலை விரித்து நிமிர்த்துங்கள். அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியை விரல்நுனியால் அழுத்துங்கள். நல்ல கையிலும் அங்கே லேசாக வலிக்கும், அதனால் இரண்டையும் ஒப்பிடாமல் முடிவு கட்டாதீர்கள். அடுத்து, கட்டைவிரலை நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளிப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் வலி கூடினாலும் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள், வீக்கம் இல்லாவிட்டாலும்.

மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். மடித்த செய்தித்தாளை முன்கை நடுவிலிருந்து உள்ளங்கைவரை வைத்துத் துணியால் கட்டுங்கள்; விரல் மரத்துப்போனால் தளர்த்துங்கள். எண்ணெய் நீவல், சுளுக்கெடுப்பு கூடவே கூடாது.

முதல்நாள் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமல் போகலாம். “ஒன்றுமில்லை” என்று கட்டைப் பிரித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. கட்டோடு இருந்து 10–14 நாளில் மறுபடி எடுங்கள், அல்லது எம்.ஆர்.ஐ. பாருங்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும்.