ஆயிரமாவது ஆண்டு விழா முடிஞ்சாச்சு, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஜனங்க வந்துட்டே இருக்க என்ன பண்ணலாம்

2025 ஜூலை 23லேருந்து 27 வரைக்கும் கங்கைகொண்ட சோழபுரம் எப்படி இருந்துச்சுன்னு டிவி பாத்தவங்களுக்கெல்லாம் தெரியும். ராஜேந்திர சோழன் கடல் கடந்து படையெடுத்ததோட ஆயிரமாவது ஆண்டு, கூடவே அவர் பிறந்த நட்சத்திர நாளான ஆடித் திருவாதிரை, பிரதமர் வந்தாரு, நாணயம் வெளியிட்டாங்க, ஊரே திருவிழாதான். ஆனா பந்தல பிரிச்சப்புறம் அந்த ஆர்வத்த தக்க வைக்கிறது உள்ளூர்க்காரங்க கையிலதான் இருக்கு, அதனால ஜெயங்கொண்டம் அரியலூர் பக்கம் இருக்கிற வாத்தியாருங்க, இளைஞர் மன்றத்துக்காரங்க, வரலாறுமேல ஆசை உள்ளவங்க எல்லாருக்கும் இத எழுதுறேன்.

முதல்ல, இன்னொரு பெரிய விழா நடத்தலாம்னு யோசிக்காதீங்க, காசும் ஆளும் அதுலயே கரைஞ்சிடும். ஏற்கனவே கூட்டம் வர்ற நாளைப் பிடிங்க. ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு, ராஜேந்திரன் இங்க கட்டுன சிவன் கோயில்ல இருக்கிற சுமார் 13 அடி உயர லிங்கத்துக்கு மூட்டை மூட்டையா அரிசி வடிச்சு சாத்துறாங்க, எங்கெங்கேருந்தோ ஜனங்க வராங்க, சாமி கும்பிட்டு பிரசாதம் வாங்கிட்டு அப்படியே பஸ் ஏறிடுறாங்க. வரிசையில நிக்கிற நேரத்துல நாலு பசங்க நின்னு கோயில் வரலாற்றைப் பத்தி பேசுனா போதும், அவங்களுக்கும் பொழுது போகும். ஆடித் திருவாதிரை வருஷா வருஷம் வருது, ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினம், நவம்பர் 19லேருந்து 25 வரை பாரம்பரிய வாரம், இதுக்கு நடுவுல மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாளை முடிவு பண்ணி மாத்தாம வச்சுக்கோங்க. மழைன்னாலும் பத்து பேர்தான் வந்தாலும் நடத்துங்க, நாள் மாறிட்டே இருந்தா ஜனங்க மனசுல நிக்காது.

அடுத்தது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம் காட்டுங்க. மொத்த கோயிலையும் ஒரு மணி நேரத்துல சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது, திரும்ப வரவும் காரணம் இருக்காது. ஒரு மாசம் வடக்கு வாசல் படிக்கட்டு பக்கம் இருக்கிற சண்டேச அனுக்கிரக மூர்த்தி மட்டும். சிவன் தன் கையாலேயே தன்னோட பக்தர் சண்டேசர் தலையில பூமாலை சுத்துறாரு, அந்தக் கதை பக்கத்து சுவர்லயே செதுக்கியிருக்கு, பொறுமையா பாத்தா அரை மணி நேரம் போறதே தெரியாது. அடுத்த மாசம் விமானம், தஞ்சாவூர்ல நேர் கோடா ஏறுது, இங்க உள்வாங்கி வளைஞ்சு ஏறுது, ரெண்டு போட்டோவ பக்கத்துல வச்சு பசங்ககிட்ட வித்தியாசம் கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க. அப்புறம் தாமரை வடிவ நவக்கிரக பீடம், சிங்கக் கிணறு, இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல ஓடும்.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது கோயில விட்டு வெளிய வர்றது. அது வெறும் கோயில் இல்ல, ஒரு தலைநகரம், அது இப்போ ஊர்க்காரங்க வயலுக்கும் கொல்லைக்கும் அடியிலதான் கிடக்கு. மாளிகைமேட்டுல தோண்டுனப்ப அரண்மனையோட செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பானை ஓடெல்லாம் கிடைச்சுது. செங்கமேட்டுல கலிங்கத்துலேருந்து கொண்டு வந்த காளி, பைரவர் சிற்பம் இருக்கு. ராஜேந்திரன் வெட்டுன சோழகங்கம் ஏரிய, அதான் நம்ம பொன்னேரி, கங்கை தண்ணியால ஆன வெற்றித்தூண்னு சோழர் காலத்து திருவாலங்காட்டு செப்பேடு சொல்லுது. இதெல்லாம் சேத்து சைக்கிள்லயோ வேன்லயோ அரை நாள் சுத்து ஒண்ணு போடுங்க, காலைல சீக்கிரம் கிளம்பிடுங்க, வெயில் ஏறுனா வயசானவங்களுக்கு கஷ்டம். கூட்டிட்டு போறது உட்கோட்டை, மாளிகைமேட்டு பசங்களா இருக்கட்டும், வர்றவங்க அவங்க ஊர்லயே டீயும் சாப்பாடும் சாப்பிடட்டும், நாலு காசு உள்ளூர்ல போனாத்தான் ஊரும் இதை தன்னோட வேலையா எடுத்துக்கும்.

சோகமான பக்கத்தையும் மறைக்காம சொல்லுங்க. 1836ல கொள்ளிடத்துல அணைக்கரை கீழணை கட்டுனப்ப இந்தக் கோயில் மதில் கல்லைத்தான் எடுத்துட்டு போனாங்க, அத அங்கயே நின்னு சொன்னீங்கன்னா கேக்குறவங்க மதில் இருந்த இடத்த தேடி பாக்க ஆரம்பிப்பாங்க. அதே நேரத்துல வயல்ல கிடைக்கிற பழைய செங்கல், பானை ஓடு எதையும் யாரும் வீட்டுக்கு எடுத்துட்டு போகக்கூடாது, கிடைச்ச இடத்த போட்டோ எடுத்து தொல்லியல் துறைக்கு தகவல் சொல்லணும்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிடுங்க, இடம் மாறிட்டா அதோட பாதி வரலாறு போயிடும்.

அனுமதி விஷயம்: 2004லேருந்து இது உலக பாரம்பரிய சின்னம், மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. மைக், மேடை, பேனர்னு எது வேணும்னாலும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. சின்னக் குழுவா நடந்து பாக்குறதா இருந்தாலும் அங்க இருக்கிற அலுவலர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, பூஜை நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாம வச்சுக்கோங்க. சிற்பத்துமேல கை வைக்க, சாஞ்சு நின்னு ரீல்ஸ் எடுக்க விடாதீங்க.

கடைசியா, வந்தவங்க நம்பர அவங்க சம்மதத்தோட வாங்கி ஒரு வாட்ஸ்அப் குரூப் போடுங்க, அதுல குட் மார்னிங் மெசேஜ் வேணாம், அடுத்த ஞாயிறு எந்த சிற்பம், எத்தன மணிக்கு, யார் பேசுறாங்கங்கிற தகவல் மட்டும் போகட்டும். ரெண்டு மூணு தடவ வந்தவர அடுத்த மாசம் அவரையே பேசச் சொல்லுங்க.