ஒழுங்கை முடக்கு வரைக்கும் போய் வாருங்கள், இப்போதைக்கு அது போதும்

போன தைப்பொங்கலுக்கு மறுநாள், விடிய 5 மணிக்கு எழும்பி யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரை வரை ஓடுவது, சீனியைத் தொடுவதில்லை, இரவில் குரக்கன் புட்டு மட்டும் என்று மூன்றையும் ஒரேயடியாகத் தொடங்கினேன். நான்காம் நாள் கால் வீங்கி, விறாந்தைக் கதிரையில் இருந்தபடி இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு மாதிரிச் செய்து பார்த்தேன், அது நிலைத்தது.

முதலில் ஒரேயொரு பழக்கத்தை எடுங்கள். அதையும் வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக்குங்கள். நான் எடுத்தது ஒழுங்கை முடக்கு வரை போய்த் திரும்புவது, 5 நிமிடம் கூட ஆகாது.

அடுத்து, அதை எப்படியும் நடக்கிற ஒரு வேலையின் வாலில் கட்டுங்கள். பின்னேரத் தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறக்க வேண்டியதுதான். மணிக்கூட்டைப் பார்த்து 5 மணிக்கு என்று வைத்தால் வீட்டுக்கு ஆள் வந்ததும் போச்சு. தேத்தண்ணி அப்படியில்லை, ஆள் வந்தால் இன்னொரு கோப்பை கூடும். மாரியில் ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் விறாந்தையில் 10 தரம் நடவுங்கள், கணக்குத்தான்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை தூரத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள். கிழமைக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது 5 நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் செருப்பில்லாமல் வீதி சுற்றுகிற எங்களுக்கு இது பெரிய தூரமா என்ன?

நடை பழகிய பிறகுதான் சீனி. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம். இரண்டு கரண்டிப்படி நாளுக்கு 5 தேத்தண்ணி குடித்தால் 40 கிராம், நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது. கிழமைக்குக் கால் கரண்டி குறைத்தால் ஆறு கிழமையில் அரைக் கரண்டிக்கு வந்துவிடலாம், நாக்கும் பெரிதாகச் சண்டை பிடிக்காது. சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கிறேன் என்று தப்பப் பார்க்க வேண்டாம், அதிலும் பெரும்பங்கு சீனிதான். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எதையும் மாற்றுமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செய்த நாளுக்குக் கலண்டரில் ஒரு கோடு போடுங்கள். இடையில் கலியாண வீடு, காய்ச்சல் என்று ஒருநாள் தவறும், தவறட்டும். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒருநாள் விட்டது அதைக் கெடுக்கவில்லை. நான் விட்டால் மறுநாள் தூரத்தைக் கூட்டிப் பழி தீர்ப்பதில்லை, பழைய முடக்கு வரைக்கும் போய் வருவேன்.

சரி, பழகிவிட்டது என்று எப்படித் தெரியும்? எனக்கு, முடக்கு வீட்டு நாய் குரைப்பதை விட்ட அன்று தெரிந்தது.