லொறி ஏற்றுவது நிற்காமல் களஞ்சியக் கணினி வலையமைப்பை மாற்றுவது

பழைய சேர்வரையும் (இருப்பும் பில்லும் பதியும் மையக் கணினி) சுவிட்சையும் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) கழற்றிய பிறகு புதியதைப் பூட்டலாம் என்று தொடங்காதீர்கள். பழையது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே புதியதைக் கட்டி முடியுங்கள்.

முதலில் நாளைப் பாருங்கள். மலையகத்தில் 10ஆம் திகதியை ஒட்டித் தோட்டச் சம்பளம்; அந்த வாரம் அரிசி, மா, சீனி லொறிகளுக்கு ஓய்வே இராது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னல். பெப்ரவரி வசதி. மாற்றும் நாளைப் போயா (பௌர்ணமி) விடுமுறையில் வையுங்கள்.

காரியாலயத்துக்கும் களஞ்சியத்துக்கும் இடையே செப்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். அருகில் மின்னல் விழுந்தால் இரண்டு கட்டட எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் அந்தக் கேபிளில் பாய்ந்து, இரு முனைச் சுவிட்சுகளும் கருகும். உலோகக் கம்பி கலவாத பைபர் (ஒளியில் தரவு கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்) இழுங்கள். கட்டடத்துக்குள் செப்பு போதும், 100 மீற்றரைத் தாண்டாமல்.

வைஃபையை வெற்றுக் களஞ்சியத்தில் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். தண்ணீர்ப் போத்தல் அடுக்குகள் அலையை விழுங்கும், பிஸ்கட் தகரங்கள் திருப்பிவிடும். சரக்கு நிறைந்திருக்கும்போது ஸ்கேனரோடு ஒவ்வொரு சந்தும் நடந்து பாருங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் 1, 6, 11 ஆகிய சனல்கள் மட்டும். நுவரெலியா போன்ற இடங்களில் விடியற்காலையில் தகரக் கூரையின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். அதனால் வைஃபை பெட்டியைக் கூரையில் ஒட்டாமல் சுவரில் பூட்டுங்கள். கேபிள் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம் போனாலும் கருவிகளை ஓடவைக்கும் யூபிஎஸ்ஸில் 12 வோல்ட், 9 அம்பியர்-மணி பற்றரி இரண்டு இருந்தால் 216 வொட்-மணி. 300 வொட் சுமைக்குக் கணக்கு 43 நிமிடம் காட்டும். அதில் பாதியை மட்டும் நம்புங்கள்.

மாற்றும் நாளுக்கு முந்திய மாலை இருப்பை மூடி, பிரதி எடுத்து, அதை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல. வேகமாக ஓடும் 20 பொருட்களைக் கையால் எண்ணி ஒப்பிடுங்கள். புதிய இன்வொய்ஸ் இலக்கம் வேறு தொடரில் தொடங்கட்டும், இல்லையேல் ஒரே இலக்கம் இரண்டு கடைக்குப் போகும். பழையதில் பதிவைப் பூட்டி, பார்வைக்கு மட்டும் விடுங்கள். இரண்டிலும் பதிந்தால் இருப்பு இருமுறை கழியும். லேபல் பிரின்டரின் முகவரியையும் தாள் அளவையும் முன்பே எழுதிவையுங்கள், பெரும்பாலும் மறக்கப்படுவது அதுதான்.

மாற்றும் நாளில் பிற்பகல் 2 மணிக்குள் ஒரு வாசலில் ஒரு லொறிக்கான ஏற்றுதல் முழுதாகப் பதிவாகாவிட்டால் வாதிடாமல் பழையதற்குத் திரும்புங்கள். சரியாக ஓடினாலும் மாத இறுதி இருப்புக் கணக்கு முடியும்வரை பழைய சேர்வரை அணைக்க வேண்டாம்.