சின்ன கார் கார்வெட்டை முந்துவது எப்படி? ஆட்டோகிராஸில் பேக்ஸ் கணக்கு

காலியான பெரிய பார்க்கிங் இடத்தில் ஆரஞ்சு கோன்களை அடுக்கி, வளைந்து நெளியும் ஒரு பாதை போடுவார்கள். அதில் கடிகாரத்தை எதிர்த்துக் கார் ஓட்டுவதுதான் ஆட்டோகிராஸ். அமெரிக்காவில் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) அமைப்பு இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. ஒரே பாதையில் கார்வெட் என்ற வேகமான ஸ்போர்ட்ஸ் காரும் ஓடும், தினமும் ஆபீஸ் போய்வரும் ஹோண்டாவும் ஓடும். இரண்டில் யார் நன்றாக ஓட்டினார் என்று சொல்ல உதவுவதே பேக்ஸ் இண்டெக்ஸ்.

படி 1: வகுப்பையும் எண்ணையும் பாருங்கள்

கார் எந்த மாடல், அதில் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதை வைத்து விதிப்புத்தகம் வகுப்பைச் சொல்லும். கம்பெனியிலிருந்து வந்தபடியே பெரும்பாலும் இருக்கும் கார்கள் 'ஸ்ட்ரீட்' பிரிவு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் இண்டெக்ஸ். பெரிய போட்டிகளின் முடிவுகளை அலசி ரிக் ரூத் என்பவர் தொகுக்கும் பட்டியல்தான் பரவலாகப் புழங்குகிறது. எண்கள் ஆண்டுதோறும் மாறும், பழைய பட்டியலை நம்பாதீர்கள்.

எல்லாவற்றிலும் வேகமான ஏ மாடிஃபைடு வகுப்புக்கு 1.000. மற்றவை அதற்குக் கீழே. எண் குறையக் குறைய, அது மெதுவான வகுப்பு என்று பொருள். புதியவர்கள் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

படி 2: பெருக்குங்கள்

ஓடிய நேரம் × இண்டெக்ஸ் = பேக்ஸ் நேரம். குறைந்த விடை வந்தவர் முன்னால். கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை: உங்கள் ஹோண்டா 50.000 விநாடி, இண்டெக்ஸ் 0.780, விடை 39.000. கார்வெட் 47.000, இண்டெக்ஸ் 0.825, விடை 38.775. மூன்று விநாடி இடைவெளி கால் விநாடிக்கும் கீழே வந்துவிட்டது, பார்த்தீர்களா?

கோனைத் தட்டினால் ஒன்றுக்கு 2 விநாடி தண்டனை. அதைக் கூட்டிய பிறகுதான் பெருக்க வேண்டும். ஒரு கோன் தட்டிய ஹோண்டாவுக்கு 52.000 × 0.780, அதாவது 40.560.

படி 3: திருப்பிப் போடுங்கள்

எனக்குப் பிடித்தது இதுதான். கார்வெட்டின் 38.775-ஐ உங்கள் 0.780-ஆல் வகுத்தால் 49.71 சொச்சம். அடுத்த ஓட்டத்தில் 0.3 விநாடியைக் குறைத்தால் போதும், முந்திவிடலாம். வெறும் தரவரிசையைப் பார்ப்பதைவிட இந்த ஒரு எண்ணை மனதில் வைத்து ஓட்டுவது எவ்வளவோ மேல்.

சரி, இது நியாயமான கணக்கா? முழுக்க இல்லை. தன் வகுப்பு அனுமதிக்கும் அளவுக்குத் தயார்செய்த காரை, தேர்ந்தவர் ஓட்டுவதாக வைத்துப் போட்ட எண் இது. சாதாரண டயரில் வரும் உங்களையும் அதே எண்ணால்தான் பெருக்குவார்கள். குறுகலான பாதை சின்ன கார்களுக்குச் சாதகம். மழை பெய்தால் நாலு சக்கரமும் இழுக்கும் கார்கள் குஷியாகிவிடும். அன்றைய வானிலை இண்டெக்ஸுக்குத் தெரியாது.

இன்னொன்று, பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியது. ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினால் ஸ்ட்ரீட் பிரிவில் இருக்க முடியாது. புதிய வகுப்பின் எண் 0.810 என்று வையுங்கள். பழைய 39.000 பேக்ஸ் நேரம் வரவே நீங்கள் 48.148-இல் ஓட வேண்டும். அந்த ஸ்பிரிங் 1.85 விநாடி சம்பாதித்துத் தருமா?